தானே கற்று, தானே கண்டுபிடிக்கும் நியூரல் நெட்வொர்க்: வீட்டுக் கணினியில் உருவாக்க முழுமையான வழிகாட்டி

1992-ல் ஐபிஎம்மின் தாமஸ் ஜே. வாட்சன் ஆய்வு மையத்தில் ஜெரால்ட் டெசாரோ என்ற ஆய்வாளர் பேக்கேமன் என்ற பகடைப் பலகை ஆட்டத்தை ஆடும் நியூரல் நெட்வொர்க் ஒன்றை, அதாவது தன் உள்ளெண்களைத் திருத்தித் திருத்திக் கற்கும் நிரல் ஒன்றை, உருவாக்கினார். அதன் பெயர் டிடி-கேமன். மனிதர்கள் ஆடிய ஆட்டம் ஒன்றுகூட அதற்குக் காட்டப்படவில்லை. தற்செயல் எண்களோடு தொடங்கி, தன்னோடு தானே ஆடி, கடைசியில் வென்றது எந்தப் பக்கம் என்ற ஒரே செய்தியிலிருந்து அது கற்றுக்கொண்டது. முதல் பதிப்பு 3 லட்சம் ஆட்டங்கள் ஆடியது. பின்னால் வந்த ஒரு பதிப்பு 15 லட்சம். அதற்குள் அது வல்லுநர்களுக்கே பாடம் எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. பகடையில் 2-1, 4-1, 5-1 விழுந்தால் ஆட்டத் தொடக்கத்தில் ஒரு காயைத் துணிந்து தனியே முன்வைப்பதுதான் அதுவரை வழக்கம். டிடி-கேமன் பின்னால் நிற்கும் இரண்டு காய்களைப் பிரித்து ஆடியது. ஆராய்ந்து பார்த்தவர்கள் அதுவே மேல் என்று கண்டார்கள். போட்டிகளில் தொடக்கம் ஆடும் முறையே மாறிப்போனது.

‘தானே கண்டுபிடிக்கும் நெட்வொர்க்’ என்றால் நான் நினைப்பது இதைத்தான்: யாரும் சொல்லித்தராத ஒன்றை அது செய்ய வேண்டும், அது சரியென்று மற்றவர்கள் சோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் அது கண்டுபிடிப்பு ஆகாது.

இத்தகைய அமைப்புகள் எல்லாவற்றிலும் இரண்டு பாத்திரங்கள் இருக்கின்றன. ஒன்று, யோசனை சொல்லும் நெட்வொர்க். மற்றொன்று, அந்த யோசனை தேறியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் நடுவர். செய்திகளில் பெயர் வாங்குவது நெட்வொர்க். ஆனால் கண்டுபிடிப்பு நிகழ்வது நடுவரின் நேர்மையால்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இந்த வழிகாட்டியில் நெட்வொர்க்குக்குக் கொடுக்கும் இடத்தைவிட நடுவருக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தேவையானவை அதிகமில்லை. பைத்தானில் ஓரளவு பழக்கம், பைடார்ச் (நெட்வொர்க் எழுத உதவும் நிரல் தொகுப்பு) நிறுவிய கணினி, முடிந்தால் ஒரு ஜிபியு (பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் சில்லு). சொந்தமாக ஜிபியு இல்லாதவர்கள் கூகுள் கோலாப் போன்ற இலவசச் சேவைகளில் தொடங்கலாம்.

படி 1: நடுவர் இருக்கும் சிக்கலைத் தேர்ந்தெடுங்கள்

நல்ல கவிதை எழுதும் நெட்வொர்க் தன்னைத் தானே பயிற்றுவித்துக்கொள்ள முடியுமா? முடியாது. கவிதை நல்லதா என்று சொல்லும் நிரல் நம்மிடம் இல்லை. சதுரங்கத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ராஜா மாட்டிக்கொண்டாரா என்பதைச் சில வரி நிரல் சொல்லிவிடும். ஒரு கணிதச் சமன்பாடு சரியா, ஒரு நிரல் தந்த விடை சரியா என்பனவும் அப்படியே.

தேர்ந்தெடுக்கும் சிக்கலிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முடிவு வந்ததும் வெற்றி தோல்வியை மனிதத் தலையீடு இல்லாமல் சொல்ல முடியுமா? ஒரு விநாடிக்குள் பலமுறை சொல்ல முடியுமா? நெட்வொர்க் குறுக்குவழியில் நடுவரை ஏமாற்ற முடியுமா? மூன்றாவது கேள்வியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2016-ல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் கோஸ்ட்ரன்னர்ஸ் என்ற படகுப் பந்தய வீடியோ விளையாட்டில் ஒரு நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். பந்தயத்தை முடிப்பதற்குப் பதிலாக, வழியில் கிடைக்கும் இலக்குகளை இடித்துப் பெறும் புள்ளிகளே அதற்குப் பரிசாக வைக்கப்பட்டன. படகு ஒரு மூலையில் வட்டமடித்துக்கொண்டே, மற்றப் படகுகளோடு மோதி, தீப்பற்றி எரிந்தபடி புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தது. பந்தயத்தை அது முடிக்கவே இல்லை. நெட்வொர்க்கின் மீது குற்றம் சொல்ல எதுவுமில்லை. கேட்டதை அப்படியே கொடுத்தது.

முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பது கனெக்ட் ஃபோர். 7 நெடுவரிசை, 6 கிடைவரிசை. வில்லையை மேலிருந்து போட்டால் அந்த வரிசையின் அடியில் போய் உட்காரும். நான்கு வில்லைகளை ஒரே கோட்டில் சேர்ப்பவர் வென்றார். விதிகள் ஒரு பத்தியில் அடங்கும். ஆனால் சாத்தியமான நிலைகளின் எண்ணிக்கை 4,531,985,219,092. அதாவது நாலரை லட்சம் கோடி. மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாத அளவு.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுவே முக்கியம். 1988 அக்டோபரில் ஜேம்ஸ் ஆலன், விக்டர் ஆலிஸ் என்ற இருவர் தனித்தனியாக இந்த ஆட்டத்தை முழுமையாகத் தீர்த்துவிட்டார்கள். நடு வரிசையில் தொடங்கினால் முதலில் ஆடுபவர் கட்டாயம் வெல்லலாம். நடுவுக்கு இருபுறமும் ஒட்டிய வரிசைகளில் தொடங்கினால் சமநிலை. வெளியே உள்ள நான்கு வரிசைகளில் தொடங்கினால், பிழையின்றி ஆடும் எதிராளி வென்றுவிடுவார். ஆக, உங்கள் நெட்வொர்க் தானாகக் கண்டுபிடித்ததை ஒப்பிட்டுப் பார்க்க ஐயமற்ற விடைத்தாள் ஒன்று இருக்கிறது. கோ என்ற கிழக்காசியப் பலகை ஆட்டம், சதுரங்கம் இரண்டுக்கும் இந்த வசதி இல்லை.

படி 2: நடுவரை எழுதுங்கள், பிறகு சந்தேகப்படுங்கள்

நான்கு செயல்பாடுகள் போதும். இப்போது எந்த வரிசைகளில் போடலாம், போட்டபின் பலகை எப்படி இருக்கும், யாராவது வென்றாரா, இடம் தீர்ந்துவிட்டதா. வெற்றிக் கோடுகள் மொத்தம் 69: கிடையாக 24, செங்குத்தாக 21, மூலைவிட்டமாக 24. உங்கள் நிரல் இந்த 69-ஐயும் ஒவ்வொன்றாகக் கண்டுகொள்கிறதா என்று சோதியுங்கள்.

அடுத்த சோதனை இன்னும் கூர்மையானது. வெற்றுப் பலகையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் எத்தனை வெவ்வேறு நிலைகள் உருவாகின்றன என்று எண்ணுங்கள். ஒரு நகர்வுக்குப் பின் 7, இரண்டுக்குப் பின் 49, மூன்றுக்குப் பின் 238, நான்குக்குப் பின் 1,120 என்று வர வேண்டும். 238 என்பதைத் தாளில் எழுதியே சரிபார்க்கலாம். மூன்று வில்லைகளும் தனித்தனி வரிசையில் இருந்தால் 105 நிலைகள். வெவ்வேறு நிறத்தில் இரண்டு ஒரே வரிசையில் அடுக்கப்பட்டு மூன்றாவது வேறு வரிசையில் இருந்தால் 84. ஒரே நிறத்தில் இரண்டு அடுக்கப்பட்டால் 42. மூன்றும் ஒரே வரிசையில் இருந்தால் 7. எண் பொருந்தவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நடுவரில் உள்ள சின்னப் பிழை பிறகு நெட்வொர்க்கின் விசித்திரமான பழக்கமாக வெளிப்படும். அப்போது எங்கே தேடுவது என்றே தெரியாது.

படி 3: பலகையும் நெட்வொர்க்கும்

பலகையை 6×7 அளவுள்ள இரண்டு தளங்களாக எழுதுங்கள். ஒன்றில் ‘இப்போது ஆட வேண்டியவரின்’ வில்லைகள், மற்றதில் எதிராளியுடையவை. சிவப்பு, மஞ்சள் என்று நிறத்தால் பிரிக்காதீர்கள். ஆட வேண்டியவரின் பார்வையிலேயே எப்போதும் எழுதினால், ஒரே மூளை இரு பக்கத்துக்கும் ஆட முடியும். ஒரு பக்கத்தில் கற்றது மறுபக்கத்துக்கும் உதவும்.

நெட்வொர்க் இரண்டு விடைகளைத் தர வேண்டும். ஏழு வரிசைகளில் ஒவ்வொன்றும் எவ்வளவு நம்பிக்கை தருவது என்ற ஏழு எண்கள், இதைக் கொள்கை என்போம். இந்த நிலையிலிருந்து நான் வெல்வேனா என்பதற்கு -1 முதல் +1 வரை ஒரே எண், இது மதிப்பு. கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய கோ நிரல் ஆல்ஃபாகோ ஜீரோ, அதன் பின் வந்த ஆல்ஃபாஜீரோ இரண்டின் அமைப்பும் இதுதான். அளவு மட்டும் வேறு. ஆல்ஃபாகோ ஜீரோவில் 20 அல்லது 40 ரெசிடுவல் பிளாக்குகள் (உள்ளீட்டை விடையோடு கூட்டி அனுப்பும் அடுக்குத் தொகுதிகள்). நமக்கு 64 சானல்கள் (ஒரே நேரத்தில் கணக்கிடும் தளங்கள்) கொண்ட 5 பிளாக்குகள் போதும். பயிற்சியில் திருத்தப்படும் எண்களான எடைகள் மொத்தம் நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். சாதாரண மடிக்கணினியே தாங்கும்.

படி 4: தேடல்

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். தானே கற்பது என்பதன் இயந்திரம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

பயிற்சி பெறாத நெட்வொர்க் ஒரு நிலையைப் பார்த்துச் சொல்வது வெறும் ஊகம். அந்த ஊகத்தைத் தானே எப்படி மேம்படுத்துவது? முன்னே யோசித்துப் பார்த்துத்தான். இங்கே போட்டால் அவர் அங்கே போடுவார், அப்புறம் நான் இங்கே, என்று. இதற்குப் பயன்படுவது மான்டி கார்லோ மரத் தேடல். இப்போதைய நிலை மரத்தின் வேர். ஒவ்வொரு சுற்றிலும் வேரிலிருந்து கிளை கிளையாக இறங்கி, இதுவரை பார்க்காத நிலையை அடைந்ததும் நெட்வொர்க்கிடம் அதைப் பற்றிக் கேட்கிறோம். அது சொன்ன மதிப்பை வந்த வழியே மேலே கொண்டுபோய் ஒவ்வொரு கிளையின் சராசரியிலும் சேர்க்கிறோம்.

எந்தக் கிளையில் இறங்குவது? ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு எண்களைக் கூட்டுங்கள். முதலாவது, அந்தக் கிளையில் இதுவரை கிடைத்த சராசரி மதிப்பு. இரண்டாவது, ஆர்வத் தொகை: நெட்வொர்க் அந்தக் கிளைக்குக் கொடுத்த நம்பிக்கையை, மொத்த வருகைகளின் வர்க்கமூலத்தால் பெருக்கி, இந்தக் கிளைக்கான வருகையோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்து, ஒரு மாறிலியால் பெருக்குவது. மாறிலியை 1-க்கும் 2-க்கும் இடையில் வைத்துத் தொடங்குங்கள். கூட்டுத்தொகை பெரிதாக உள்ள கிளையில் இறங்க வேண்டும். அதிகம் போகாத கிளைக்கு ஆர்வத் தொகை பெரிதாக இருக்கும். போகப் போகக் குறைந்து, கடைசியில் உண்மையான மதிப்பே முடிவு செய்யும்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. மதிப்பை மேலே கொண்டுபோகும்போது ஒவ்வொரு படியிலும் குறியை மாற்ற வேண்டும். எனக்கு +1 என்பது எதிராளிக்கு -1. இந்த ஒரு கழித்தல் குறியில்தான் பெரும்பாலான முதல் முயற்சிகள் கவிழ்கின்றன. நிரல் ஓடும், நெட்வொர்க் கற்பது போலவும் தெரியும். ஆனால் தோற்பதற்கே கற்றுக்கொண்டிருக்கும். அடுத்தது, ஆட்டம் முடிந்த நிலையை அடைந்தால் நெட்வொர்க்கிடம் கேட்கவே கூடாது. நடுவரின் தீர்ப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து உண்மை உள்ளே நுழையும் ஒரே வாசல் அதுதான். முதலில் ஆட்டத்தின் கடைசி நகர்வில் மட்டுமே தெரிந்த உண்மை, பயிற்சி கூடக்கூட, ஒவ்வொரு நகர்வாகப் பின்னோக்கிப் பரவிக் கடைசியில் முதல் நகர்வு வரை வந்து சேருகிறது.

நெட்வொர்க்குக்குப் பயிற்சி தருவதற்கு முன்பே தேடலைச் சோதித்துவிடுங்கள். மூன்று வில்லைகள் சேர்ந்து நான்காவது இடம் காலியாக உள்ள நிலையைக் கொடுங்கள். தற்செயல் எடைகளோடும் சில நூறு சுற்றுகளில் தேடல் வெற்றி நகர்வைப் பிடிக்க வேண்டும். அதே நிலையை எதிராளியின் பக்கத்திலிருந்து கொடுத்தால் தடுக்கும் நகர்வைப் பிடிக்க வேண்டும். முதலாவது சரியாகி இரண்டாவது தவறினால், கழித்தல் குறியைப் போய்ப் பாருங்கள்.

படி 5: தன்னோடு தானே ஆடவிடுங்கள்

தேடல் முடிந்ததும் ஏழு கிளைகளில் எதற்கு எத்தனை வருகை என்ற கணக்கு கையில் இருக்கும். இதுதான் நெட்வொர்க்கின் ஊகத்தைவிடச் சற்று மேலான விடை. இதையே நெட்வொர்க்குக்கு அடுத்த பாடமாகக் கொடுக்கப் போகிறோம். ஒவ்வொரு நகர்விலும் மூன்றைச் சேமியுங்கள்: பலகை, வருகை விகிதங்கள், ஆட்டம் முடிந்தபின் அந்த நிலையில் ஆட வேண்டியிருந்தவர் வென்றாரா தோற்றாரா.

எப்போதும் சிறந்த நகர்வையே ஆடினால் எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி இருக்கும். புதிதாக எதுவும் தெரியவராது. அதனால் இரண்டு ஏற்பாடுகள். முதல் பத்து நகர்வுகள் அளவில் வருகை விகிதத்துக்கு ஏற்பக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதிக வருகை பெற்றதையே ஆடுங்கள். அத்தோடு வேர் நிலையில் நெட்வொர்க்கின் நம்பிக்கையில் 75 விழுக்காட்டை வைத்துக்கொண்டு, 25 விழுக்காட்டை டிரிக்லே பரவலிலிருந்து (கூட்டினால் 1 வரும் தற்செயல் எண்களைத் தருவது) எடுத்த எண்களால் நிரப்புங்கள். ஆல்ஃபாஜீரோவில் இந்தப் பரவலின் அளவுரு சதுரங்கத்துக்கு 0.3, ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்துக்கு 0.15, கோவுக்கு 0.03. நகர்த்தக்கூடிய வாய்ப்புகள் கூடக்கூட எண் சிறுக்கிறது. ஏழே வாய்ப்புகள் உள்ள நமக்கு 1 பொருத்தமாக இருக்கும். புதுமை பிறக்கும் இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இந்த 25 விழுக்காட்டைத்தான் காட்டுவேன். நெட்வொர்க் ‘இது வீண்’ என்று ஒதுக்கிய நகர்வை அது வலுக்கட்டாயமாக எட்டிப்பார்க்க வைக்கிறது. வீணில்லை என்று தெரிந்தால் அடுத்த தலைமுறை அதை மறக்காது.

வேகத்துக்கு ஒரு கணக்கு. ஆட்டம் அதிகபட்சம் 42 நகர்வு. நகர்வுக்கு 100 தேடல் சுற்று வைத்தால் ஓர் ஆட்டத்துக்கு 4,200 முறை வரை நெட்வொர்க்கைக் கேட்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டால் ஜிபியு பெரும்பாலும் சும்மா இருக்கும். நூறு, இருநூறு ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, எல்லாவற்றின் கேள்விகளையும் ஒரே தொகுப்பாக அனுப்புங்கள்.

படி 6: பயிற்சி

சேமித்த நிலைகளிலிருந்து 256 வீதம் தற்செயலாக எடுத்து இரண்டு இழப்புகளை (விடை எவ்வளவு தவறியது என்ற அளவுகளை) கூட்டிக் குறையுங்கள். நெட்வொர்க் சொன்ன மதிப்புக்கும் உண்மை முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம் ஒன்று. கொள்கைக்கும் வருகை விகிதத்துக்கும் உள்ள விலகலை அளக்கும் கிராஸ் என்ட்ரோபி மற்றது. எடைகளைத் திருத்தும் ஆடம் ஆப்டிமைசர், கற்றல் வீதம் 0.001, எடைகள் பெருத்துவிடாமல் தடுக்கும் வெயிட் டிகே சிறிதளவு என்று தொடங்கினால் போதும். பலகை இடம்-வலம் சமச்சீரானது. ஒவ்வொரு நிலையையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பியும் சேர்த்தால் தரவு இரட்டிப்பாகும்.

தொடக்கத்தில் இரண்டு எண்களைக் கட்டாயம் பாருங்கள். ஏழு வாய்ப்புகளையும் சமமாக நினைக்கும் நெட்வொர்க்கின் கொள்கை இழப்பு 7-இன் இயல்மடக்கை, அதாவது சுமார் 1.95. எப்போதும் பூஜ்யத்தையே சொல்லும் மதிப்பின் இழப்பு சுமார் 1. இவற்றுக்கு அருகில் தொடங்கி இறங்க வேண்டும். கொள்கை இழப்பு பூஜ்யம் வரை இறங்காது. வருகை விகிதத்திலேயே ஒரு நிச்சயமின்மை இருக்கிறது. அதற்குக் கீழே போக வழியில்லை.

பழைய ஆட்டங்களை அவ்வப்போது கழித்துவிடுங்கள். ஆல்ஃபாகோ ஜீரோ கடைசி 5 லட்சம் ஆட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டது. நமக்குக் கடைசிச் சில ஆயிரம் போதும். சில நூறு ஆட்டங்கள், கொஞ்சம் பயிற்சி, மீண்டும் ஆட்டங்கள் என்று சுழற்சி தொடர வேண்டும். புதிய நெட்வொர்க் பழையதை 400 ஆட்டங்களில் 55 விழுக்காட்டுக்கு மேல் வென்றால்தான் அதை ஏற்பது என்று ஆல்ஃபாகோ ஜீரோவில் ஒரு வாசற்படி வைத்திருந்தார்கள். ஆல்ஃபாஜீரோவில் அதை எடுத்துவிட்டார்கள். வீட்டுக் கணினியில் செய்பவர்கள் எடுத்துவிடலாம், நேரம் மிச்சம்.

படி 7: கண்டுபிடித்ததா என்று பாருங்கள்

ஒவ்வொரு சுழற்சிக்குப் பிறகும் வெற்றுப் பலகையைக் கொடுத்து ஏழு எண்களையும் அச்சிடுங்கள். முதலில் ஏழும் ஏறக்குறைய சமமாக இருக்கும். நாளாக நாளாக நம்பிக்கை நடு வரிசையை நோக்கி நகரும். ‘நடுவில் போடு’ என்று நிரலில் எங்கும் எழுதியிருக்கமாட்டீர்கள். 1988-ல் நிரூபிக்கப்பட்ட உண்மையை உங்கள் மேசைமேல் உள்ள கணினி தன் வழியில் வந்தடைவதை எண்ணெண்ணாகப் பார்க்கலாம். இதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே இந்த வேலை முழுவதையும் செய்யலாம் என்பேன்.

பிறகு விடைத்தாளை எடுங்கள். கனெக்ட் ஃபோருக்கான முழுத் தீர்வு நிரல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தற்செயலாகச் சில ஆயிரம் நிலைகளை எடுத்து, நெட்வொர்க் சொன்ன நகர்வு உண்மையில் பிழையற்றதா என்று ஒப்பிடுங்கள். தேடலோடு ஒரு மதிப்பெண், தேடல் இல்லாமல் வெறும் கொள்கைக்கு ஒரு மதிப்பெண். இரண்டும் தனித்தனியே உயர வேண்டும். தற்செயலாக ஆடும் எதிராளியை வெல்வதை மட்டும் வைத்துத் திருப்தி அடையாதீர்கள்; அது மிகச் சீக்கிரம் 100 விழுக்காட்டைத் தொட்டு, அதற்கு மேல் எதையும் சொல்லாது.

கற்கும் வரிசை மனிதர்கள் கற்கும் வரிசையாக இருக்காது என்பதையும் கவனியுங்கள். 2017 அக்டோபரில் வெளியான ஆல்ஃபாகோ ஜீரோ மூன்று நாளில் 49 லட்சம் ஆட்டங்கள் ஆடி, கோ சாம்பியன் லீ செடோலை 2016-ல் 4-1 என்று வென்ற பதிப்பை 100-0 என்று வீழ்த்தியது. மனிதர்கள் நூற்றாண்டுகளாகச் சேர்த்த மூலைகளில் ஆடும் நகர்வுத் தொடர்கள் பலவற்றைத் தானே கண்டெடுத்து, அவற்றில் சிலவற்றைப் பிறகு கைவிட்டு, தனக்கென வேறு வகைகளைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கோ படிக்கும் குழந்தை ஆரம்பத்திலேயே கற்கும் ‘ஏணி’ என்ற பிடிப்பு முறையை மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது.

படி 8: குருட்டுப் புள்ளிகளைத் தேடுங்கள்

தன்னோடு மட்டுமே ஆடும் நெட்வொர்க், தான் ஒருபோதும் ஆடாத வகை ஆட்டத்தைப் பார்த்திருக்காது. கட்டாகோ என்பது உலகின் மிக வலுவான கோ நிரல்களில் ஒன்று. பெரிய வட்டமாகச் சுற்றிவளைக்கும் காய்க்கூட்டத்தை அது சரியாக மதிப்பிடுவதில்லை என்பதை, அதைத் தோற்கடிப்பதற்கென்றே பயிற்றுவிக்கப்பட்ட இன்னொரு நிரல் வெளிக்கொண்டுவந்தது. 2023 பிப்ரவரியில் கெலின் பெல்ரைன் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர் அந்த உத்தியைக் கற்று, ஆடும்போது கணினி உதவி இல்லாமலே 15 ஆட்டங்களில் 14-ஐ அத்தகைய நிரலுக்கு எதிராக வென்றார்.

உங்கள் நெட்வொர்க்குக்கும் இதைச் செய்யலாம். அதை உறையவைத்துவிட்டு, அதை வெல்வது ஒன்றையே குறியாகக் கொண்ட இரண்டாவது நெட்வொர்க்கைப் பயிற்றுவியுங்கள். கண்டுபிடித்த ஓட்டைகளின் ஆட்டங்களை முதல் நெட்வொர்க்கின் பாடத்தில் சேருங்கள்.

படி 9: ஆட்டத்திலிருந்து உண்மையான கண்டுபிடிப்புக்கு

கனெக்ட் ஃபோரில் நெட்வொர்க் கண்டதை உலகம் முன்பே அறியும். அறியாத ஒன்றைக் காண வேண்டுமென்றால், திறந்து கிடக்கும் கேள்வியை ஆட்டமாக மாற்ற வேண்டும்.

2022 அக்டோபரில் வந்த ஆல்ஃபாடென்சார் இதற்கு நல்ல பாடம். இரண்டு அணிகளை (எண்களின் சதுர அட்டவணைகளை) பெருக்குவது கணினிகள் ஓயாமல் செய்யும் வேலை. 2×2 அணிகளுக்குப் பள்ளிக்கூட முறையில் 8 பெருக்கல் வேண்டும்; 1969-ல் ஃபோல்கர் ஸ்ட்ராசன் 7 போதும் என்று காட்டினார். அதையே இருமுறை அடுக்கினால் 4×4 அணிகளுக்கு 49. டீப்மைண்ட் ஆய்வாளர்கள் இதை ஒருவர் ஆடும் ஆட்டமாக்கினார்கள். பலகை ஒரு முப்பரிமாண எண் அட்டவணை. ஒவ்வொரு நகர்வும் ஒரு பெருக்கலுக்குச் சமமான எளிய அட்டவணையை அதிலிருந்து கழிப்பது. எல்லாம் பூஜ்யமானால் ஆட்டம் முடிந்தது. நகர்வுக்கு ஒரு புள்ளி கழியும். நடுவரைப் பாருங்கள்: பூஜ்யமா, இல்லையா. ஏமாற்ற இடமே இல்லை. 0, 1 மட்டுமே உள்ள இரும எண்கணிதத்தில் 4×4 அணிகளுக்கு 47 பெருக்கல் போதும் என்று அது கண்டது.

கதை அங்கே நிற்கவில்லை. அதே இரும எண்கணிதத்தில் 5×5 அணிகளுக்கு ஆல்ஃபாடென்சார் கண்டது 96. சில நாட்களிலேயே ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இருந்த மானுவேல் கவுவர்ஸ், யாக்கோப் மோஸ்பாவர் என்ற கணிதவியலாளர்கள் அந்த விடையிலிருந்தே தொடங்கி 95 ஆக்கினார்கள். இயந்திரம் தந்தது இறுதி விடையாக இருக்க வேண்டியதில்லை. புதிய புறப்பாட்டு இடமாக இருந்தாலே பெரிது.

2023 டிசம்பரில் டீப்மைண்டின் ஃபன்சர்ச் என்ற அமைப்பு இன்னொரு வழியில் போனது. விடையை நேரடியாகத் தேடாமல், விடையை உருவாக்கும் சிறு நிரல்களை, உரையும் நிரலும் எழுதப் பழகிய நெட்வொர்க்கான ஒரு மொழி மாதிரி எழுதும். நடுவர் அவற்றை ஓட்டி மதிப்பெண் போடும். நன்றாக வந்தவை அடுத்த சுற்றுக்கு முன்மாதிரி ஆகும். கேப் செட் என்ற கணிதச் சிக்கலில், எட்டுப் பரிமாண வெளியில் மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் வராதபடி 512 புள்ளிகளை அது தேர்ந்தது. அதுவரை தெரிந்தது 496. மொழி மாதிரி எழுதியவற்றில் பெரும்பகுதி குப்பை. நடுவர் அதைக் கழித்துவிட்டதால் மிச்சம் நின்றது கணிதம். இந்த முறையை வீட்டிலும் சிறு அளவில் செய்யலாம்: ஒரு மொழி மாதிரி, விடையை ஓட்டிப் பார்க்கும் நடுவர் நிரல், நல்ல நிரல்களைச் சேமிக்கும் பட்டியல், அவ்வளவே.

ஏதாவது உருப்படியாகக் கிடைத்தால் அது யாருடையது? ஸ்டீபன் தேலர் என்பவர் டாபஸ் என்ற தன் செயற்கை நுண்ணறிவு அமைப்பைக் கண்டுபிடிப்பாளராகப் பதிவு செய்யக் கோரிப் பல நாடுகளில் விண்ணப்பித்தார். 2021-ல் தென்னாப்பிரிக்கா காப்புரிமை வழங்கியது. 2023 டிசம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், கண்டுபிடிப்பாளர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று மறுத்துவிட்டது. காப்புரிமை வரை போக நினைப்பவர்கள், சிக்கலை வடிவமைத்தது, நடுவரை எழுதியது, விடையைத் தேர்ந்தது எல்லாவற்றையும் தேதியிட்டுப் பதிவு செய்துவைப்பது நல்லது.

படி 10: உங்கள் ஊர் ஆட்டத்துக்கு மாற்றுங்கள்

இங்கே வரை வந்தவர்கள் அடுத்து எடுக்க வேண்டியது ஆடு புலி ஆட்டம் என்று அழுத்திச் சொல்வேன். 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. நாலரை லட்சம் கோடி நிலைகளைக் கடந்து வந்தவர்களுக்குப் பலகையின் அளவு பயமுறுத்தாது. ஆனால் மூன்று இடங்களில் நிரல் மாறும்.

இரு பக்கமும் ஒன்றல்ல. புலி தாண்டி வெட்டும், ஆடு வளைத்துக் கட்டும். ‘ஆட வேண்டியவரின் பார்வை’ மட்டும் போதாது. ஆடுவது புலியா ஆடா என்பதை ஒரு தனித் தளமாக உள்ளீட்டில் சேருங்கள். கொள்கைக்கு இரண்டு தனி முடிவடுக்குகள் வைத்தால் இன்னும் நல்லது. பலகை சதுரக் கட்டமாக இல்லாததால் சாதாரண கன்வல்யூஷன் (பக்கத்துக் கட்டங்களைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு) பொருந்தாது. எந்தப் புள்ளி எதோடு கோட்டால் இணைகிறது என்ற பட்டியலைக் கொண்டு கிராஃப் நெட்வொர்க் எழுதலாம், அல்லது முழு இணைப்பு அடுக்குகளோடு தொடங்கலாம். கடைசியாக, காய்களை வைத்து முடித்தபின் இருவரும் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே ஆட்டத்தை முடிவில்லாமல் இழுக்க முடியும். ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் சமநிலை என்று விதி வையுங்கள். எத்தனை முறை வந்தது என்பதையும் உள்ளீட்டில் சேருங்கள்.

நடுவரை எழுத உட்காரும்போது ஒரு கேள்வி எழும்: எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி? ஊருக்கு ஊர் வேறு எண் சொல்வார்கள். அதை நிரலில் ஒரு மாறியாக வையுங்கள். 5, 6, 8, 10 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நெட்வொர்க்கை ஒரே அளவு நேரம் பயிற்றுவித்து, புலி எத்தனை விழுக்காடு வெல்கிறது என்று குறியுங்கள். இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக வெல்லும் எண் எது, ஆடுகளின் முதல் வைப்பு எந்தப் புள்ளிகளில் குவிகிறது, அது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வைக்கும் இடம்தானா என்று பாருங்கள். வேறு இடமாக இருந்தால், உங்கள் நெட்வொர்க்குக்கு எதிரே புலியாக உட்காரச் சொல்லி அவர்களையே அழையுங்கள்.